இரண்டு எழுத்துக் கலகம்

ரயில் பலகையில் தார், நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கர்: எழுத்தை மாற்றுவதையே போராட்டமாக்கியவர்களின் கதை

லாலாகுடாவில் எழுத்துக்குப் பஞ்சமே கிடையாது. நிஜாம் காலத்து ரயில்வே 1893-இல் இங்கே தொடங்கிய பட்டறைக்கு ரயில் பெட்டிகள் பழுது பார்க்க வருகின்றன. பிரித்து மேய்ந்து, சக்கரம் மாற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து முடித்தபின் கடைசியாக ஏறுவது எழுத்து. பெட்டியின் எண், எந்த ரயில்வே, எந்தப் பட்டறை, மறுபடி எப்போது பழுது பார்க்க வர வேண்டும் என்ற தேதி. எழுத்து இல்லாத பெட்டி தண்டவாளத்தில் ஏறாது. செகந்திராபாதை ஒட்டிய இந்த ரயில்வே பேட்டையில் தெருச் சுவர்களுக்கும் எழுத்துப் பழக்கம் உண்டு. தொழிற்சங்கத் தேர்தல் வந்தால் சுண்ணாம்பு அடித்த இடமெல்லாம் யூனியனின் சின்னமும் முழக்கமும்தான்.

லாலாகுடாவிலிருந்து தார்நாகா பக்கம் போனால் சற்றுத் தூரத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகம். 1969-இலும், 2009-க்குப் பிறகும் தெலங்கானாப் போராட்டத்தின் உலைக்களம் அது. ஒரு பக்கம் ரயில்வே, இன்னொரு பக்கம் மாணவர்கள். இரண்டுக்கும் நடுவே ஓடிய ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும், இந்தியாவில் இதுவரை நடந்த கிராஃபிக் டிசைன் கலகங்களிலேயே மிகச் சிறியது நடந்தது. மிகப் பரவலாக நடந்த ஒன்றும் அதுவே. டிசைன் படித்த எவரும் அதில் தலையிட்டதாகத் தெரியவில்லை. நம்பர் பிளேட்டில் இருந்த 'ஏபி' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு 'டிஜி' என்று ஒட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

35 மில்லிமீட்டர் புரட்சி

நம்பர் பிளேட்டைப் போலச் சட்டம் பிடித்து வைத்திருக்கும் எழுத்து வேறெதுவும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50, 51-ஆம் எண்களைப் புரட்டினால் தெரியும். எழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் எழுத்தின் உயரம் 35 மில்லிமீட்டர், தடிமன் 7, இடைவெளி 5. எண்ணுக்கு உயரம் 40. முன்பக்கத்துக்கு 30. காருக்கு 65. சொந்த வண்டி என்றால் வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டி என்றால் மஞ்சளில் கறுப்பு. கலைஞனுக்கு இதில் வேலையே இல்லை என்றுதான் தோன்றும்.

கலகக்காரனுக்கு வேலை இருந்தது. அரசாங்கமே அளவு குறித்துக் கொடுத்த இடம் அது. ஒவ்வொரு வண்டியிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எல்லோர் கண்ணிலும் படும், படித்தே தீர வேண்டும். டிராஃபிக் சிக்னலில் பின்னால் நிற்பவருக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? சுவரொட்டியை யாராவது கிழிக்கலாம், மாடு தின்னலாம். நம்பர் பிளேட் வீட்டுக்கும் ஆபீசுக்கும் தினம் இரண்டு தடவை ஊர்வலம் போய் வரும்.

தெலங்கானா ராஷ்டிர சமிதி 2001 ஏப்ரலில் பிறந்தது. 2009 நவம்பர் 29-இல் சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்க, டிசம்பர் 9 இரவு தனி மாநிலத்துக்கான நடவடிக்கை தொடங்கும் என்று உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் அறிவித்தார். இரண்டே வாரத்தில், டிசம்பர் 23-இல், மத்திய அரசு பின்வாங்கியது. கையில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட ஆத்திரம் ஊரெங்கும் பரவியது. இளைஞர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரமும் அந்த நாட்களில்தான் நடந்தது. அரசு கொடுக்காத மாநிலத்தை ஜனங்கள் தாங்களே எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அரசு அலுவலகங்களின் பெயர்ப் பலகையில் 'ஆந்திரப் பிரதேஷ்' அழிந்து 'தெலங்கானா' ஏறியது. பஸ்களின் பக்கவாட்டில் பெயர் மாறியது. வண்டிகளில் டிஜி வந்தது.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரருக்கு இரண்டு எழுத்து வெட்டிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். ஸ்டிக்கர் கடை இல்லாத கிராமத்தில் பெயிண்ட் டப்பா இருந்தது. ஆனால் அது குற்றம். அன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு, பொதுவான விதிமீறலுக்கு முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம் என்றது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் பதிவுப் புத்தகத்தில் ஒன்றும் பிளேட்டில் ஒன்றுமாக வண்டி ஓட்டுவது சின்னக் காரியமில்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்ற கவலை, மாதச் சம்பளக்காரனுக்கு இருக்கத்தானே செய்யும்.

ஏன் ஆங்கில எழுத்து?

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். சொந்த மண்ணின் பெயரைச் சொல்லப் போராடுகிறவர்கள் தெலுங்கில் அல்லவா எழுதியிருக்க வேண்டும்? நாமாக இருந்தால் தமிழில்தான் எழுதியிருப்போம்.

விதி ஆங்கிலம் கேட்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. தெலங்கானாக்காரர் எதிர்த்து நின்றது இன்னொரு மொழிக்காரரை அல்ல. கடலோர ஆந்திரத்துக்காரருக்கும் தெலங்கானாக்காரருக்கும் ஒரே லிபி, ஒரே 'அ ஆ'. 1956-இல் இரண்டையும் இணைத்ததற்குச் சொன்ன காரணமே அந்த ஒற்றுமைதான். எனவே தெலுங்கு எழுத்தைக் கொடியாகத் தூக்க முடியாது. எதிராளியும் அதே கொடியைத் தூக்குவார். வேறுபாட்டைக் காட்ட மிச்சமிருந்தது பெயர் மட்டுமே. அந்தப் பெயரின் மிகச் சுருக்கமான வடிவம் இரண்டு ரோமன் எழுத்து.

தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். இங்கே சண்டையே லிபியோடு.

1952-இல் பெரியார் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கச் சொன்னார். திராவிடர் கழகத்தாரும் திமுகவினரும் தார் டின்னும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போனார்கள். இதை வெறும் அழிப்பு வேலை என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். டிசைன் கண்ணோடு பார்த்தால் அது எவ்வளவு சிக்கனமான வேலை என்று புரியும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அதே கறுப்பில் தார். மூன்று வரியில் ஒன்றை மட்டும் மூடினால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். தமிழ் தெரிந்தவர் தமிழில் படிப்பார், வெளியூர்க்காரர் ஆங்கிலத்தில் படிப்பார். ஊர் பெயர் தெரியாமல் எந்தப் பயணியும் வழி தவறவில்லை. ஆனால் அந்தக் கறுப்புப் பட்டை என்ன சொல்கிறது என்பது ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் டில்லிக்காரருக்குக்கூடப் புரிந்துவிடும்.

அடுத்த வருஷம் அழிப்பதோடு நிற்கவில்லை. 1953 ஜூலை 15-இல், திமுகவின் மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாக, மு. கருணாநிதி தலைமையில் தொண்டர்கள் டால்மியாபுரம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரைத் தாங்கி நின்ற பலகையின் மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டினார்கள். பிறகு தண்டவாளத்தில் படுத்தார்கள். தலைவருக்குச் சிறை கிடைத்தது. அன்று கல்லக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. பின்னாளில் அந்த ஸ்டேஷனின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம் என்று ஆயிற்று. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நிலைத்தது என்னவோ பசை தடவி ஒட்டிய அந்தத் தாள்.

தார் இன்னும் காயவில்லை. மும்மொழிக் கொள்கைச் சர்ச்சை மறுபடி மூண்ட 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சியிலும் பாளையங்கோட்டையிலும் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்து கறுத்தது. பொள்ளாச்சியில் ரயில்வே உடனே சரி செய்து வழக்கும் போட்டது. எழுபது வருஷத்துக்கும் மேலாக ஒரு போராட்ட வடிவம் மாறாமல் இருக்கிறது என்றால், அந்தப் பலகையின் வடிவமும் மாறாமல் இருக்கிறது என்பதே பாதிக் காரணம்.

உதயகுமாரும் 'ரூ'வும்

அதே பரபரப்பில், 2025 மார்ச் 13 அன்று தமிழக பட்ஜெட்டின் இலச்சினையை அரசு வெளியிட்டது. முந்தைய ஆண்டுகளில் இருந்த இந்திய ரூபாய்க் குறியீடு அதில் இல்லை. அந்த இடத்தில் தமிழ் 'ரூ'. மறுநாள் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட் படித்தார். அவர் படித்த கணக்கைவிட அட்டைப்பட எழுத்துத்தான் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கண்டனம் தெரிவித்தார்.

விஷயம் வேடிக்கையானது. 2010-இல் ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், ஐஐடி பம்பாயில் படித்து குவாஹாட்டி ஐஐடிக்கு ஆசிரியராகப் போன தமிழர். தந்தை தர்மலிங்கம் திமுகவின் முன்னாள் எம்எல்ஏ. உதயகுமார் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் தமிழ் எழுத்துருவைத்தான். தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்'ஐயும் ஓர் உருவமாக இணைத்து, மேலே தலைக்கோடு போட்டு அவர் செய்த குறியீட்டை, அவர் தந்தை இருந்த கட்சியின் அரசே தன் இலச்சினையிலிருந்து எடுத்தது. இதில் தனிமனிதர் மேல் கோபம் எதுவும் இல்லை. 'ரூ' புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. மளிகைக் கடைச் சிட்டையிலும் பால் கணக்கு நோட்டிலும் காலங்காலமாக இருப்பது. சண்டைக்கு வெளியே இருந்தவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. இன்னொன்று இருந்த இடத்தில் உட்கார்ந்ததும் அது முழக்கமாகிவிட்டது.

நம்பர் பிளேட், ரயில் பலகை, பட்ஜெட் அட்டை: மூன்றிலும் அழகான எழுத்து என்று எதுவும் இல்லை. டிசைன் பள்ளிகளில் மார்க் போட்டால் தேறாது. எல்லோருக்கும் பழகிப்போன இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கும், கண் அங்கே இடறும். இடறச் செய்வதுதான் வேலை.

கைகாட்டி தந்த சின்னம்

தேர்ந்த கலைஞர்கள் செய்த போராட்டச் சின்னங்களும் உலகில் உண்டு. அணு ஆயுத எதிர்ப்பாளர்களுக்காக 1958-இல் ஜெரால்ட் ஹோல்டம் என்ற ஆங்கிலேயர் வரைந்த வட்டச் சின்னத்தை இன்று சமாதானச் சின்னம் என்று உலகமே அறியும். அதன் உள்ளே இருப்பது செமஃபோர் எனப்படும் கொடி மொழி. இரண்டு கையிலும் கொடி பிடித்து 'என்', 'டி' என்ற எழுத்துகளைக் காட்டும் நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். 'அணு ஆயுத ஒழிப்பு' என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகள் அவை. ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு செமஃபோர் புதிதில்லை. கைகாட்டிக்கும் அதுதான் பெயர். அந்தச் சின்னத்துக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கரித்துண்டால் வரையலாம். பரவியதற்குக் காரணம் அதுவே.

போலந்தில் 1980-இல் கதான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது யெர்சி யானிஷெவ்ஸ்கி என்ற இளம் வடிவமைப்பாளர் 'சாலிடாரிட்டி' என்ற சொல்லையே கூட்டமாக எழுதினார். சிவப்பு எழுத்துகள் நெரிசலில் நிற்பவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். ஓர் எழுத்திலிருந்து போலந்துக் கொடி கிளம்பும். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்து இயக்கம் நசுக்கப்பட்டபோது, ஜனங்கள் ரேடியோவில் இருக்கும் ரெசிஸ்டர் என்ற சின்ன உறுப்பைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்கள். அதற்குத் தடை போட என்ன சட்டம் இருக்கிறது?

நம் ரயில்வேக்காரர்களுக்கும் ஒரு படம் கிடைத்தது. 1974 மே 8-இல் தொடங்கிய அகில இந்திய ரயில்வே வேலை நிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் ஊழியர்கள் இறங்கினார்கள். தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். வேலை நிறுத்தம் அடக்குமுறையில் முடிந்தது. அவசர நிலையின்போது தலைமறைவான பெர்னாண்டஸ் பிடிபட்டு, விலங்கு பூட்டிய கையை உயர்த்திக்காட்டி எடுத்த புகைப்படம் 1977 தேர்தலில் போஸ்டர் ஆனது. சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் வென்றார். விலங்கு போட்டது அரசாங்கம், போஸ்டருக்கு வேண்டிய சின்னமும் அதிலேயே கிடைத்துவிட்டது.

வென்ற பிறகு

2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தது. அதுவரை சட்டவிரோதமாக இருந்த டிஜி இனிச் சட்டமாகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். புது மாநிலத்துக்குக் கிடைத்த குறியீடு டிஎஸ். தெலங்கானா ஸ்டேட். ஜனங்கள் அபராதத்துக்குத் துணிந்து ஒட்டிய எழுத்தை, அவர்கள் கொண்டுவந்த அரசு எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருஷம் டிஎஸ் ஓடியது.

2023 டிசம்பரில் ரேவந்த் ரெட்டி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. போராட்டக் காலத்தில் இளைஞர்கள் வண்டியில் மட்டுமா எழுதினார்கள், உடம்பிலும் அல்லவா டிஜி என்று பச்சை குத்திக்கொண்டார்கள் என்பது புது அரசின் வாதம். டிஎஸ் என்பது டிஆர்எஸ் கட்சியின் பெயரை நினைவூட்டவே வந்தது என்றும் குற்றம் சாட்டினார்கள். மத்திய அரசு 2024 மார்ச் 12-இல் அறிவிக்கை வெளியிட, மார்ச் 15 முதல் புது வண்டிகளுக்கு டிஜி. மே மாதம் பஸ் கழகத்தின் பெயரும் டிஜிஎஸ்ஆர்டிசி ஆனது. எதிர்க்கட்சி செலவுக் கணக்குக் கேட்டது. கேட்க வேண்டியதுதான். பழைய எழுத்தை எடுக்காதவர்கள் கேட்டதுதான் கொஞ்சம் உறுத்தல்.

எழுத்தோடு முடியவில்லை. மாநில இலச்சினைக்கும் வந்தது வினை. 2014-இல் ஓவியர் ஏலே லட்சுமண் வடிவமைத்ததில் காகதீயர் தோரணமும் சார்மினாரும் இருந்தன. மன்னராட்சியின் அடையாளங்கள் வேண்டாம், போராட்டத்தையும் தியாகிகளையும் காட்ட வேண்டும் என்றது புது அரசு. 2024 மே 30 அன்று பாரத ராஷ்டிர சமிதியினர் சார்மினார் முன்னாலேயே போராட்டம் நடத்த, ஜூன் 2 விழாவில் வெளிவர இருந்த புது இலச்சினை தள்ளிப்போனது. அந்த டிசம்பர் 9-இல் தலைமைச் செயலகத்தில் திறந்த தெலங்கானாத் தாய் சிலையில் பழைய உருவத்தின் கிரீடம் இல்லை. பச்சைச் சேலையும் கையில் கதிர்களுமாக நின்றாள். அதற்கும் ஒரு சண்டை. சொந்தப் பணத்தில் ஜனங்கள் ஊர் ஊராக வைத்த சிலைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்தக் கட்சியும் நேராகப் பதில் சொல்வதில்லை.

போராட்டத்துக்கென்று பிறந்த சின்னங்களில் கட்சிக்காரர் கை வைக்க முடியாத ஒன்று ஹைதராபாதில் இருக்கிறது. சட்டமன்றத்துக்கு எதிரே கன் பார்க்கில், 1969-இல் இறந்தவர்களுக்காக சிற்பி எக்கா யாதகிரி ராவ் உருவாக்கிய நினைவுத் தூண். உச்சியில் வெள்ளைப் பூ. அடியில் குண்டு பாய்ந்த குறிகள். எந்தக் கட்சி வென்றாலும் முதலில் அங்கே போய் மாலை வைக்கிறது.

டிஜி கதையில் சொல்லாமல் விடக்கூடாத பக்கம் ஒன்று. அந்த எழுத்து சேர்த்ததைப்போலப் பிரிக்கவும் செய்தது. ஒட்டியவர் யார் என்று தெரிந்தது, ஒட்டாதவர் யார் என்றும் தெரிந்தது. ஹைதராபாதில் இரண்டு தலைமுறையாக இருக்கும் கடலோர ஆந்திரக் குடும்பத்தின் கார், கண்டோன்மெண்ட் காலத்திலிருந்து செகந்திராபாதில் வாழும் தமிழரின் ஸ்கூட்டர், வெறும் ஏபி என்ற எழுத்தோடு ஊர்வலத்துக்கு நடுவே சிக்கினால் என்ன ஆகும் என்ற பயம் கற்பனை இல்லை. 2011 மார்ச் 10, மில்லியன் மார்ச் அன்று டேங்க் பண்டில் தெலுங்குப் பெரியோர் சிலைகள் உடைந்து விழுந்ததைப் பார்த்த ஊர் அது. மொழி தெரியாதவருக்கு மொழிப் போராட்டம் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் வாழ்ந்த வட இந்தியரைக் கேட்டாலும் ஏதாவது சொல்வார்.

இனி இந்தக் கலகம் நடக்காது. 2019 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். அலுமினியத் தகட்டில் அச்சாகப் புடைத்த எழுத்து, ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், ஒரு தடவை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு. ஸ்டிக்கர்காரருக்கு அதில் இடம் இல்லை.

ஏற்கெனவே பதிவான வண்டிகளின் எழுத்து மாற வேண்டியதில்லை என்பதால், லாலாகுடாத் தெருக்களில் இப்போது மூன்று காலமும் ஒன்றாக நிற்கின்றன. பழைய ஸ்கூட்டரில் ஏபி, பத்து வருஷத்துக்குள் வாங்கிய பைக்கில் டிஎஸ், புதுக் காரில் டிஜி. அந்தக் காரின் டிஜி அரசாங்கமே அடித்துக் கொடுத்தது, ஹாலோகிராமோடு.